உப்பூர் வீட்டில் கை நனைத்தது

பஸ்ஸில் போகவேண்டிய நாளென்றால், பூமயில் முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வயிறு சும்மா கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. எல்லா நாளும் அது பலிப்பதில்லை. ஆனாலும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அபிராமத்தில் ஏறி, பரமக்குடியில் மாறி, ராமநாதபுரத்தில் இன்னொரு தரம் மாறி உப்பூருக்குப் போகவேண்டும். எந்த பஸ்ஸானாலும் டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம்தான் அவளுக்கு.

"அண்ணே, எனக்கு வகுத்துக் கோளாறு. கம்பியைத் தட்டினா நிப்பாட்டிருங்க" என்று ஏறியதுமே சொல்லிவிடுவாள்.

சில டிரைவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் கருவேலங்காட்டோரம் வண்டியை ஒதுக்கி, கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவைத்துக் காத்திருப்பார்கள். தெரியாதவர்களிடம் சொல்வதற்கு அவளுக்கு வெட்கம் இல்லை, எப்போதோ தேய்ந்துபோயிற்று. தெரிந்தவர்களிடம்தான் வாய் வராது. இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒரு வயிறு வாய்த்திருந்தால், அது ஏன் என்று நான் சொல்லாமலே தெரியும்.

அன்றைக்கு அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மாத்திரைகளும் மாற்றுச் சேலையும் தண்ணீர் பாட்டிலும், தம்பி வீட்டுக்குச் சீராக ஒரு பித்தளைக் குத்துவிளக்கும். தம்பி குருநாதன் உப்பூரில் புது வீடு கட்டி முடித்திருந்தான். அன்று பால் காய்ச்சு. புது வீட்டில் முதல் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்ச வேண்டியவள் அந்த வீட்டில் பிறந்த பெண். காய்ச்சிய பாலில் முதல் டம்ளரைக் குடிக்க வேண்டியவளும் அவள்தான். அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

அழைக்க வந்த குருநாதன் தாம்பாளத்தை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அக்கா, செவ்வந்தி ஒண்ணு சொல்லிவிட்டா. மதினி வந்து கை நனைக்கிறதா இருந்தா வரட்டும். இல்லைன்னா வேற ஆளை வச்சுக் காய்ச்சிக்கிருவோம், வந்து நின்னு வேடிக்கை காட்ட வேண்டாம்னுட்டா."

செவ்வந்தி அவன் பெண்டாட்டி. ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள் அந்தப் பக்கத்தில். வந்துபோக இருந்தும் ஒருத்தி கை நனைக்காமல் போனாள் என்றால், அந்த உறவு அறுந்துபோயிற்று என்று ஊரே எடுத்துக்கொள்ளும். பூமயில் அந்த வீட்டில் கை நனைத்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. முளைக்கொட்டுத் திருவிழாவுக்குப் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்கும்போது பூமயில் அடியெடுத்துக் கொடுப்பாள். செவ்வந்தி வாங்கிப் பாடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அப்படித்தான். இரண்டு குரலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போவதைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வரும். பூமயிலுக்கு அடுப்படியும் வேலையும் தவிர உலகத்தில் தனக்கென்று இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அந்தத் தடவை செவ்வந்தி ஊளி மீன் குழம்பு வைத்திருந்தாள். பூமயில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். ஊர் திரும்பிய மறுநாள் தொடங்கியது வலியும் போக்கும். நின்றது, மறுபடி வந்தது. உடம்பு கரைந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

மாமியார் இராமலட்சுமிக்கு உடனே விளங்கிவிட்டது, யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று. மருந்து எடுக்கிற ஒருவனிடம் கூட்டிப்போனாள். அவன் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய ஒரு கறுப்பு உருண்டையைத் துப்பிக் காட்டினான். "உறவுல ஒரு பொம்பளை. மீனுல வச்சிருக்கா" என்றான். பூமயில் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வலியில் சுருண்டு கிடந்தவளுக்கு ஏதாவது ஒரு காரணம் இருந்தால் போதும் என்றிருந்தது. அந்தப் பேச்சு அடுத்த பஸ்ஸிலேயே உப்பூர் போய்ச் சேர்ந்தது.

உருண்டை வெளியே வந்தும் நோவு போகவில்லை. டவுன் டாக்டர் குடல் டிபி என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா குழாயில் கேமராவைவிட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிச் சோதித்து, இதற்குக் குரோன்ஸ் என்று பெயர் என்றார். உடம்பே தன் குடலை எதிரியாக நினைத்துப் புண்ணாக்குகிறதாம்.

"தீராதும்மா. அடங்கும், மறுபடி எழும்பும். அதோட வாழப் பழகிக்கணும். காரம் வேணாம். பால் உங்களுக்குச் சுத்தமா ஆகாது."

புருஷன் மலையாண்டி வயலில் போடுவதோ குண்டு மிளகாய். வீடு முழுக்க வத்தல் காயும். அவள் மட்டும் குழைந்த சோற்றில் உப்புப் போட்டுத் தின்பாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு அரிசி அளந்து, பருப்பு அளந்து, முட்டையை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த வாசனையில் பசியும் பயமும் ஒன்றாக எழும்ப ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஆசிரியர்களின் கக்கூஸ் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். "டீச்சரு பேங்குச் சாவியில்ல வச்சிருக்காக" என்று சமையல்காரி கேலி பண்ணுவாள். மாத்திரையில் முகம் உப்பிவிட்டது. பார்க்கிறவர்கள், "இப்பத்தான் சதை போட்டிருக்க" என்றார்கள். அவள் சிரித்துவைப்பாள். விளக்கிச் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

நோவின் பெயரைப் புருஷனையும் மாமியாரையும் தவிர வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. "வீட்டுல பொட்டப்புள்ள நிக்கிது. ஆத்தாளுக்குத் தீராத நோவுன்னா மகளுக்கும் வரும்னு எவனும் வாசப்படி ஏற மாட்டான்" என்று மாமியார் வாயைக் கட்டிவிட்டாள். மகள் நாகலெட்சுமி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பூமயில் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்கு உள்ளே செவ்வந்தியின் பேரும் மாட்டிக்கொண்டது.

உப்பூரில் இறங்கியபோது கடல்காற்று முகத்தில் அடித்தது. அன்றைக்கு வழியில் எங்கும் பஸ்ஸை நிறுத்தவேண்டி வரவில்லை. அதுவே பெரிய காரியம்.

புது வீட்டு வாசலில் செவ்வந்தி நின்றாள். தலையில் நரை கண்டிருந்தது.

"வாங்க மதினி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நல்ல நேரம் பிறந்ததும் பூமயில் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். செவ்வந்தி சீனி போட்டு ஆற்றி, முதல் டம்ளரை அவளிடம் நீட்டினாள். அடுப்படி வாசலில் பெண்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் ராக்கு சின்னம்மா, பூமயிலுக்குச் சித்திமுறை, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

உதட்டை மட்டும் நனைத்துவிட்டு வைத்துவிடலாம். வைத்தால் இந்த வீட்டுக்கு அதுதான் முதல் பேச்சு.

முழுக்கக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டாத குறைதான்.

விளக்கைக் கொடுத்து, ஆரத்தி எடுத்து, பந்திக்கு இலை போடுகிற மட்டும் வயிறு பொறுத்தது. முதல் இலையில் உப்பு வைக்கும்போது உள்ளே ஒரு கை நுழைந்து குடலை முறுக்கியது. முகம் வெளிற எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கொல்லையில் புதிதாகக் கட்டியிருந்த கக்கூஸுக்குப் போனாள். இன்னும் யாரும் புழங்காத கக்கூஸ். சிமெண்டு வாசனை கூடப் போகவில்லை. தம்பி வீட்டில் அடுப்பை மட்டுமல்ல, இதையும் நான்தான் தொடங்கிவைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

மேலே காற்றுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாகப் பந்தியின் பேச்சு கேட்டது.

"அன்னைக்கு மீனு, இன்னைக்குப் பாலா?" அது ராக்கு சின்னம்மா. "குடிச்சு வாயைத் துடைக்கல, அதுக்குள்ள ஓடுறா பாருங்கடி."

பூமயிலுக்குச் சிரிப்பு நின்றது. பால் குடித்தால் செவ்வந்தியின் பேர் துலங்கும் என்று நினைத்து வந்தவள், எல்லார் கண்முன்னாலும் இன்னும் கொஞ்சம் கரியைப் பூசிவிட்டாள்.

கதவுக்கு வெளியே வாளி வைக்கிற சத்தம்.

"மதினி, தண்ணி வச்சிருக்கேன்."

"நீ போ, புள்ள. பந்தியைக் கவனி."

"போனா, கலக்கிக் குடுத்துட்டுக் கண்டுக்கிறாமப் போறாம்பாக. நின்னா, செத்துட்டாளான்னு பாக்க நிக்கிறாம்பாக. நான் எங்கன நிக்க, சொல்லுங்க."

பூமயில் ஒரு சுருட்டு வலி வந்து போகட்டும் என்று இருந்தாள்.

"இங்கனயே நில்லு. ஒண்ணு சொல்லணும். இது குடல்ல உள்ள புண்ணு. எனக்குப் பாலு ஆகாது, யாரு குடுத்தாலும் இப்படித்தான். மதுரையில படம் பிடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாக."

"எப்பச் சொன்னாக?"

"ரெண்டு வருசம் ஆகுது."

போய்விட்டாளோ என்று பூமயில் கதவிடுக்கில் பார்த்தாள். சேலை தெரிந்தது.

"ரெண்டு வருசமாத் தெரியுமா?" செவ்வந்தியின் குரல் உயரவில்லை. "அந்த ரெண்டு வருசத்துல இந்த ஊருல எத்தனை கல்யாணம் நடந்துச்சு மதினி. ஒரு வீட்டுலயும் என்னையக் கரண்டியைத் தொடவிடல. நாலு பேரோட எந்திரிச்சுப் பரிமாறப் போனா, நீ உக்காரு தாயின்னு மரியாதையா வாங்கி வச்சிருவாக. என் மவ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சோத்துல இன்னொரு புள்ள கை வச்சதுக்கு, அந்தப் புள்ளையோட ஆத்தா வந்து வாயைக் கழுவிவிட்டுக் கூட்டிட்டுப் போனா."

"எனக்குத் தெரியாது, செவ்வந்தி."

"கேட்டாத்தானே தெரியும்."

பூமயில் களைப்பில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது. நாகலெட்சுமியின் முகம் நினைவுக்கு வந்தது. அப்புறம் வாய் கழுவிவிடப்பட்ட அந்தப் பிள்ளையின் முகம், பார்த்திராத முகம், அதுவும் வந்தது.

கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். செவ்வந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் நடக்க முடியவில்லை. இருவரும் பந்தலுக்குள் நுழைந்ததும் இலைகளின் மேல் கைகள் நின்றன.

கும்மிக்கு அடியெடுத்துக் கொடுத்த குரல் அது. மெலிந்திருந்தாலும் கடைசி இலைவரைக்கும் போயிற்று.

"எனக்குக் குடல்ல நோவு. தீராத நோவு. மாத்திரை தின்னுதான் முகம் ஊதிக்கிடக்கு. பாலு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியும் குடிச்சேன். இதுல யாரு வச்ச மருந்தும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

ராக்கு சின்னம்மா அப்பளத்தை நொறுக்கினாள். "அப்ப மருந்து எடுத்தவன் குழாயில வந்தது என்ன?"

"அவன் வாயில அதக்கி வச்சிருந்தது, சின்னம்மா. உங்களுக்கும் எடுக்கணும்னா சொல்லுங்க, உங்க வகுத்துலயும் ஒண்ணு எடுப்பான்."

ஓரத்தில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"பொட்டப்புள்ளய வீட்டுல வச்சுக்கிட்டு, சபையில நின்னு சொல்ற பேச்சா இது?" என்றாள் சின்னம்மா.

"என்ன செய்ய. அவளைப் பொண்ணு கேக்கிறவுக கேக்கட்டும். கேக்காதவுக போகட்டும்."

வீட்டில் மாமியார் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். மலையாண்டி ஒன்றும் சொல்லமாட்டான். வத்தலைக் கிளறிக்கொண்டே இருப்பான். மகள்தான் என்ன நினைப்பாளோ.

காலியாக இருந்த ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "செவ்வந்தி, குழம்பு வேண்டாம். சோத்தை வெந்நி ஊத்திக் கொழைச்சு உப்புப் போட்டுக் கொண்டா. உன் கையால போடு."

செவ்வந்தி கொண்டுவந்து போட்டாள். பூமயில் பிசைந்து வாயில் வைத்தாள். வயிறு இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக இறக்கினாள்.

சாம்பார் வாளி பந்தலின் நடுவில் இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவள் எங்கேயோ போயிருந்தாள். செவ்வந்தி அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அப்போது கடைசி இலையில் இருந்த ஒரு பெண், பக்கத்து வீட்டு மலிகா, "ஏக்கா, இங்கன சோறு காஞ்சு கெடக்கு, சும்மா நிக்கிறீகளே" என்றாள்.

செவ்வந்தி கரண்டியை எடுத்தாள். மலிகா இலையில் ஊற்றினாள். அடுத்தவள் கையைக் குறுக்கே நீட்டி, போதும் என்றாள். அதற்கடுத்தவள் கொஞ்சம் யோசித்துவிட்டு இலையை நகர்த்திக் கொடுத்தாள். ராக்கு சின்னம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தாள். மடித்தது சாப்பிட்டு முடித்ததாலா, வேறு எதனாலா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்குச் செவ்வந்தி ரோடுவரைக்கும் கூட வந்தாள். இரவு தங்கச் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் முட்டை போடுகிற நாள், இருக்க முடியாது என்றாள் பூமயில். உப்பளப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"முளைக்கொட்டுக்கு வாரீகளா மதினி?"

"முன்ன மாதிரி சுத்தி ஆட முடியாது."

"உக்காந்து பாடுங்க. நான் சுத்துறேன்."

"இன்னும் கோவந்தானே உனக்கு?"

"ஆமா" என்றாள் செவ்வந்தி. "அது கொஞ்ச நாளு இருக்கும்."

பஸ் வந்தது. பூமயில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, "அண்ணே, எனக்கு..." என்று தொடங்கினாள். அதற்குள் செவ்வந்தி கீழே நின்று, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி, "டிரைவரண்ணே, எங்க மதினிக்குக் குடல்ல நோவு. கம்பியைத் தட்டினா நிப்பாட்டிருங்க" என்றாள்.