அடுத்த அழைப்பு வரை

தகப்பனின் உதட்டில் ஈரத்துணியை வைத்தபடியே உதயரூபன் மேசையில் இருந்த மடிக்கணினியை எட்டிப் பார்த்தான். அதோடு கேபிளில் மாட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்த கைத்தொலைபேசி மறுபடியும் அதே இலக்கத்தை அழைத்தது. மறுமுனையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கணினி அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

"எடுத்தாளா மனே?" என்றார் வினாயகமூர்த்தி. கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் இல்லப்பா. திரும்ப எடுக்கும்."

'பொறுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை. கல்லடியில் கடல் வந்த காலையில், "பொறுங்க, கதவப் பூட்டிட்டு வாறன்" என்று உள்ளே திரும்பியவள்தான் அவனுடைய தாய் இலட்சுமிப்பிள்ளை. அதற்குப் பிறகு, அமிர்தகழிக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும், கடைக்காரன் பொறுக்கச் சொன்னால்கூட வினாயகமூர்த்தி சாமானை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்.

வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. கிளிநொச்சியில் கலியாணம் முடித்துப் போன அவருடைய மகள் அஜந்தா உயிரோடு வவுனியா முகாமில் இருக்கிறாள் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. முகாமில் இருப்பவர்களால் வெளியே அழைக்க முடியாது. நிவாரண வேலைக்குப் போன பக்கீர் என்பவரின் தொலைபேசிக்கு நாம் அழைப்பு எடுத்தால் ஆளைக் கூப்பிட்டுத் தருவார். அந்த ஒரு தொலைபேசிக்குத்தான் ஊர் உலகமெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தது.

உதயரூபன் சுனாமிக்குப் பின் வந்த தொண்டு நிறுவனமொன்றில் கணினி பார்ப்பவன். விரல் தேய எடுத்துக் களைத்தபோது தானாக அழைக்கும்படி கணினிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். சில வரிகள்தான். எடு, கிடைக்காவிட்டால் திரும்ப எடு. அவசரக்காரன் புத்தி, இடைவெளி விடாமல் எழுதித் தொலைத்தான். தொலைபேசி மூச்சு முட்டி இறுகிப்போனது. பிறகு நடுவில் ஸ்லீப் என்ற கட்டளையைப் போட்டு ஐந்து நிமிட இடைவெளி கொடுத்தான். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு அது தானாக எடுக்கும். மனிதனைப்போல் அதற்குச் சலிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

வயிற்றுப் புற்றின் வலி தகப்பனை வில்லாக வளைத்தது. மருந்துப் போத்தல் காலி.

"மாமி, டவுனுக்குப் போய் மருந்து எடுத்திட்டு வாறன். போன்ல ஆரும் கதைச்சா அப்பாட காதுல வைங்க."

"நான் வெக்கிறன் தம்பி. நீ கெதியாப் போயிட்டு வா," என்றாள் அன்னப்பூரணி. வினாயகமூர்த்தியின் தங்கை அவள். ஒரு மாதமாக அண்ணனின் கட்டிலை விட்டு அசையாதவள்.

மருந்து கிடைத்தது. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். யுத்தம் முடிந்ததைக் கொண்டாடி எங்கோ பட்டாசு வெடித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. போத்தலைக் காட்டி மன்றாடிப் பார்த்தான். யாருக்கும் காதில்லை. இந்நேரம் கணினி எடுத்திருக்கும், இப்போது சும்மா இருக்கும், இதோ மறுபடி எடுக்கும் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே நின்றான். அந்த நினைப்பு இல்லாவிட்டால் அங்கேயே பைத்தியம் பிடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. வாசலிலேயே கால் நின்றுவிட்டது. சுவர்க் கண்ணாடியும் தொலைக்காட்சியும் வெள்ளைத்துணியால் மூடியிருந்தன.

"அப்பா!"

தகப்பனின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. அன்னப்பூரணி எழுந்து வந்தாள்.

"நீ போன கையோட மூச்சு நிண்டுபோச்செண்டு நினைச்சன் தம்பி. செத்த வீட்டில கண்ணாடியையும் டீவியையும் மூடத்தானே வேணும், எல்லாத்தையும் மூடினன். பொறகு பாத்தா, இழுக்கிறார்."

மேசையில் இன்னொரு துணி கிடந்தது. உதயரூபன் அதை உருவினான். மடிக்கணினி மூடியிருந்தது.

திறந்தான். திரை விழித்தது. மூடியபோது கணினி உறங்கி, ஸ்கிரிப்டும் அப்படியே உறைந்துவிட்டது. காலையில் பாதியில் விட்ட ஐந்து நிமிடத்தின் மிச்சத்தை அது இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நேரத்தில் ஒரு அழைப்புக்கூடப் போகவில்லை. மூடினால் இப்படியாகும் என்று மாமிக்கு யார் சொன்னது? அவன் சொல்லவில்லையே.

நிறுத்திவிட்டுக் கையால் எடுப்போமென்று விரலைக் கொண்டு போனான்.

"மனே... எடுத்தாளா?"

ஓடிப்போய்த் தகப்பனின் கையைப் பிடித்தான்.

"இந்தா எடுக்கிறாப்பா. இந்தா கதைக்கப் போறா."

அந்தக் கை அவன் விரல்களை ஒருமுறை இறுக்கியது. பிறகு விட்டுவிட்டது. மிச்ச நேரம் முடிந்து தொலைபேசி தானாக அந்த இலக்கத்தை அழைத்தது. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியை இனி மூட வேண்டியிருக்கவில்லை. அழுது ஓய்ந்த அன்னப்பூரணி மேசைப் பக்கம் பார்த்தாள்.

"இதையும் மூடவா தம்பி?"

"வேணாம் மாமி," என்றான் உதயரூபன்.

பின்னேரம் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, வாய் திறவாதபடி நாடியைத் தூக்கி வெள்ளைத்துணியால் தலையைச் சுற்றிக் கட்டிப் பந்தலில் கிடத்தினார்கள். முற்றத்தில் பறைமேளம் முழங்கியது. பாடையை எடுப்பதற்கு ஆயத்தமானபோது மேளத்தின் ஊடே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஹலோ! ஹலோ!"

மேளகாரரைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு உதயரூபன் உள்ளே பாய்ந்தான். மேளம் நின்றது.

"உதயரூபனா? நான் பக்கீர். என்ன தம்பி நீங்க! காலமை முழுக்க உங்கட தங்கச்சியப் போனுக்குப் பக்கத்துலயே இருத்தி வெச்சிருந்தன். இடைக்கிடை லைன் சும்மாதானே கிடந்திச்சு, ஏன் எடுக்கல்ல? இந்தாங்க, பேசுங்க."

"அண்ணா," என்றாள் அஜந்தா. அவள் குரல் மெலிந்து கிழவியின் குரலாகியிருந்தது. "அப்பாக்கு ஏலாதெண்டு சொன்னாங்க. அப்பாட்ட குடுங்கண்ணா. ஒரு சொல்லுக் கதைச்சிட்டு வெக்கிறன்."

சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும். அவனால் முடியவில்லை.

"பொறு," என்றான்.

கேபிளை உருவி எறிந்துவிட்டுத் தொலைபேசியைப் பந்தலுக்குக் கொண்டுவந்தான். ஒப்பாரி வைத்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தகப்பனின் தலைமாட்டில் முழந்தாளிட்டுத் தொலைபேசியை நீட்டினான்.

"அப்பா... நான் அஜந்தா. கேக்குதாப்பா?"

அன்னப்பூரணி குனிந்து, அண்ணனின் காதை மறைத்திருந்த துணியை ஒரு விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.