வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி

ஏழாவது சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் எறிந்தார் பெரியவர். முன்பக்கம் சுத்தம். திருப்பினால் முழங்கையில் உள்ளங்கையளவு கறுப்பு.

“ஆயில் படாத சட்டையா ஒன்னு பார்த்து எடுத்துட்டு வாங்க” என்று மனைவி அனுப்பியிருந்தாள். “ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. அந்த மனுசனை இன்னும் ஆஸ்பத்திரித் துணியிலயே கிடத்தி வெச்சிருக்கோம்.”

“அவன்கிட்ட ஏது அப்படி ஒரு சட்டை?”

“தேடிப் பாருங்க. நாலு மணிக்கு எடுக்கணும்.”

மருமகன் தான் போய் எடுத்து வருவதாகச் சொன்னான். பெரியவர் விடவில்லை. தம்பியின் அறையை அடுத்தவன் போய்க் குடைவதா? மருமகன் நல்லவன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதாலேயே அவருக்குச் சந்தேகம்.

ஆனால் அவரே இந்த அறைக்குள் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைவில்லை. பட்டறைக்கு மேலே, பதினான்கு படி. தினமும் சாயங்காலம் கீழே நின்று, “கெளம்பறேன்” என்று குரல் கொடுப்பார். மேலேயிருந்து ஒரு இருமல் வரும். தெருவில் எல்லாரும் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டார்கள். சின்னவருக்கு அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர் எங்காவது இருக்கும் என்று அலமாரியைத் திறந்து பார்த்தார். இல்லை.

அலமாரியின் அடியில் உறை பிரிக்காத வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. குண்டூசிகூட எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பெரியவர் எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்தன்று சின்னவர் பழைய சட்டையில் வந்து, மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனார். ஜெனரேட்டரில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று யாரிடமோ சொன்னாராம்.

உறையைக் கிழித்து, குண்டூசிகளை எடுத்து, சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் போகவில்லை.

பட்டறையின் அந்தக் கோடியில், இரும்புத் தாங்கியில் என்ஜின் உட்கார்ந்திருந்தது. பந்தயப் படகின் எட்டு சிலிண்டர் என்ஜின். போன மாதம் வந்தபோது உப்பும் துருவுமாக, எதற்கும் ஆகாத கிழம்போல் இருந்தது. இப்போது புது பிஸ்டன், புது பேரிங். சின்னவர் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். பூட்டி முடித்த போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி. அது சின்னவர் வைப்பது. பின்னாலேயே பெரியவர் தன் ரெஞ்சை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைப்பார். சிவப்பு இல்லாமல் எந்த என்ஜினும் வெளியே போகாது. இருபது வருஷமாக அதுதான் சட்டம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே படகுக்காரரின் என்ஜின் ஒன்று நடுத்தண்ணீரில் நின்றுபோனது. கிராங்க் தண்டின் முனையில் எண்ணெய் கசியாமல் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் மாறிப்போய், ஓட ஓட எண்ணெயை வெளியே கக்கி, உள்ளே எல்லாம் வெந்துவிட்டது. கரையில் அத்தனை ஜனம் பார்க்க இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. “யாரு பார்த்த வேலை?” என்று படகுக்காரர் கேட்டார். “கிராங்க் பக்கத்து வேலை முழுக்க என் தம்பி” என்றார் பெரியவர்.

சின்னவரின் ரெஞ்ச் தரையில் கிடந்தது. நேற்று மூன்று மணிக்கு அது விழுந்த சத்தம் கேட்டது. “பொருளைக் கீழ போடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?” என்று பெரியவர் இந்தக் கோடியிலிருந்து கத்தினார். பதில் வரவில்லை. பதில் வராதது வழக்கம்தான் என்பதால், எழுந்து போய்ப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. எல்லாருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது. அதை எழுத ஒரு டாக்டர், கீழே ஒரு முத்திரை.

சீலைச் சுற்றியிருந்த தகட்டில் ஆறு போல்ட். நான்கில் வெள்ளைப் புள்ளி இருந்தது. பெரியவர் தன் ரெஞ்சை எடுத்து வந்து ஐந்தாவதில் வைத்து இழுத்தார். உடனே ‘டக்’ என்றது. இறுக்கியாகிவிட்டது, புள்ளி வைக்கத்தான் நேரம் இருக்கவில்லை. ஆறாவது போல்ட் விரலால் திருகினாலே சுற்றியது.

அப்போதுதான் சீலைப் பார்த்தார். அதன் கறுப்பு ரப்பரில் கிராங்க் எந்தப் பக்கம் சுற்றுமென்று காட்டும் அம்புக்குறி ஒன்று உண்டு. அது இடப்பக்கம் காட்டியது. பட்டறைக்கு வரும் என்ஜின் அநேகமாக எல்லாம் வலப்பக்கம் சுற்றுபவை.

“கடைசி வரைக்கும் திருந்தலையேடா” என்றார் வாய்விட்டு.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரப்பரின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். சீல் கிழிந்துகொண்டு வெளியே வந்தது. அக்குளில் இருந்த சட்டை நழுவியது. விழாமல் பிடித்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். கைக்கு இந்த நெம்பல் புதிதில்லை. எங்கேயோ, இதே மாதிரி, யாரும் இல்லாத நேரத்தில்.

“உங்களைத்தான் தேடிக்கிட்டு வந்தேன்” என்று வாசலில் குரல் கேட்டது. படகுக்காரர். கூடத்தில் மாலை போட்டுவிட்டு வந்திருந்தார். இந்த நேரத்தில் என்ஜினைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று தெரிந்த முகம். கேட்காமல் இருக்க முடியாத முகமும்தான்.

“கேளுங்க” என்றார் பெரியவர்.

“இல்ல, நான் சும்மா... சின்னவர் போன வாரம்கூட போன் பண்ணாரு. மூணு தடவ கேட்டாரு. வந்திருக்கறது இடது என்ஜின்தானே, இடது என்ஜின்தானேன்னு. படகுல ரெண்டு என்ஜின் பக்கத்துல பக்கத்துல இருக்கில்ல. ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா படகு கோணலா இழுக்கும். வலது வலப்பக்கம் சுத்தும், இடது இடப்பக்கம் சுத்தும். உங்களுக்குத் தெரியாததா.”

பெரியவர் கையிலிருந்த கிழிந்த சீலைப் பார்த்தார்.

“அன்னிக்கு நடந்ததுக்கு அப்புறம் அவருக்கு ரொம்ப ஜாக்கிரதை” என்றார் படகுக்காரர். “சீல்கூட இடது பக்கத்துக்கானதே ரெண்டு வாங்கித் தரச் சொன்னாரு. ஒன்னுதானே போடணும், எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன். ‘எங்க பட்டறையில ஒன்னு வீணாப் போகும், வாங்குங்க’ன்னாரு. சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் அன்னிக்குத்தான் கேட்டேன்.”

பெரியவர் சின்னவரின் மேஜை இழுப்பறையைத் திறந்தார். எதிரிலேயே இருந்தது அந்த இரண்டாவது சீல், உறை பிரிக்காமல். அம்பு இடப்பக்கம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வந்ததும் இடது என்ஜின்தான். இடப்பக்கம் சுற்றும் என்ஜின் என்று ஒன்று உண்டு என்பதே அப்போது பெரியவருக்குத் தெரியாது. சின்னவர் சீலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அம்பு மாறியிருக்கிறது என்று இவர் நெம்பி எடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றைப் போட்டார். சொல்லவில்லை. திருத்தியதைப் போய்ச் சொல்லுவானேன் என்று விட்டுவிட்டார். வெந்துபோன என்ஜினைப் பிரித்தது சின்னவர்தான். பிரித்துவிட்டு, கை முழுக்கக் கரியோடு வந்து நின்று, “அண்ணே, நீ இதைத் தொட்டியா?” என்று கேட்டார்.

“நான் எதுக்குத் தொடறேன்?”

அதற்கு மேல் சின்னவர் கேட்கவில்லை. மறுநாள் பெரியவர் சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்தார். இடது என்ஜின் என்பது என்ன என்று பெரியவருக்கு அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. அன்றைக்கே யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேலை இருந்தது.

“அதை மாத்திப் போட்டது நான்” என்றார்.

“எதை?”

“உங்க பழைய என்ஜின், நடுத்தண்ணியில நின்னுச்சே. அவன் சரியாத்தான் போட்டிருந்தான். நான்தான் பிடுங்கிட்டு வேற போட்டேன்.”

படகுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். துக்க வீட்டில் வயதானவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று நினைத்திருக்கலாம்.

“அட விடுங்க. இருபது வருஷம் ஆச்சு. அந்தப் படகையே வித்துட்டேன்.” என்ஜினை ஒரு பார்வை பார்த்தார். “ஞாயித்துக்கிழமைக்கு முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

“சரி. நான் அங்க இருக்கேன்.”

அவர் போன பிறகு பெரியவர் புது சீலில் கொஞ்சம் எண்ணெய் தடவி, அம்பு இடப்பக்கம் பார்க்க வைத்து, மரக்கட்டை கொடுத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி உட்காரவைத்தார். ஆறாவது போல்ட்டை இறுக்கினார். சிவப்பு டப்பா பக்கத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்தார். பிரஷ் காய்ந்து குச்சியாகியிருந்தது. மறுபடி மூடி வைத்தார். கெளம்பறேன் என்று சொல்ல வாயெடுத்தார். படிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் நடந்தார்.

“பெரியவர்னு கூப்பிடறது வயசுக்குத்தான் போல. ஒரு சட்டை எடுக்க ஒரு மணி நேரமா?” என்றாள் மனைவி. கையில் வாங்கி உதறினாள். அவளும் மருமகனும் சேர்ந்து, விறைத்துப்போன கைகளை ஒவ்வொன்றாக நுழைத்தார்கள். மருமகன் அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதமாகத்தான் பிடித்திருந்தான்.

பொத்தான் போட்டுக்கொண்டு வந்த மனைவியின் கை நின்றது. சட்டைப் பைக்கு மேலே, வெள்ளையில், கறுப்பாக ஒரு பெருவிரல். ரேகை எல்லாம் தெரிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

“வேற சட்டை இல்லையா?”

“இல்ல.”

அவள் போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடி, ஓரத்தைச் சரிசெய்தாள். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனாள்.

பெரியவர் குனிந்து, அந்தக் கறை தெரியும்படி போர்வையை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டார்.