கூக்கால் மதினியின் முயல்

கூட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே முயல் இல்லை. வாசலில் கொஞ்சம் வெள்ளை ரோமம். அதன் பக்கத்தில், எதுவுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது ரபியாவின் பூனை சுல்தான்.

ரபியா கண்டது அவ்வளவுதான். மீதியைச் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள்.

"பூனை செஞ்ச சோலிதான் ரபியா. நாக்கைச் சொழட்டிக்கிட்டுக் கெடக்கு பாரு."

போனது சினை முயல். பெயர் சீனி. கணவன் யாகூப் கடைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை ரபியாவுக்குத் துணை அதுவும் சுல்தானும்தான். அன்றே சுல்தான் சாக்குக்குள் போனான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் முட்டைக்கோஸ் லாரியில் ஏறினான். சாக்கின் வாயைக் கட்டியவள் பாப்பம்மாள். கட்டிவிட்டு ரபியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள்.

சில நாள் போயிற்று. பாப்பம்மாள் கேள்விகளோடு வரத் தொடங்கினாள். தூரத்துக் கூக்கால் கிராமத்தில் அவள் மதினி ஒரு முயல் வாங்கியிருக்கிறாளாம்.

"கோஸ் எலை போடலாமா?"

"ஈரத்தோட போடாதீங்கக்கா, வயிறு உப்பிரும். காஞ்ச புல்லு நெறையாக் குடுக்கச் சொல்லுங்க. உருளைக்கெழங்குச் செடிப் பக்கமே விடக் கூடாது."

"தன் புழுக்கையைத் தானே திங்குதாமே, கருமம்."

"திங்கட்டும். அதுக்கு அது வேணும்."

"காதைப் புடிச்சுத் தூக்கலாமில்ல?"

"ஒங்க மதினியைக் காதைப் புடிச்சு ஒங்க அண்ணன் தூக்குவாரா?"

பாப்பம்மாள் சிரித்தாள். ரபியாவும் சிரித்தாள், சீனி போனபின் முதல் தடவையாக. சீனியிடம் கற்றது இன்னொரு முயலுக்காவது உதவுகிறதே.

அப்புறம் ஒரு நாள் காலை. செண்பகனூர் ரோட்டில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பாப்பம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"வெரசாச் சொல்லு ரபியா. வெள்ளனே இருந்து நெஞ்சு மயிரைத் தானே புடுங்கிப் போடுது. ஒரு எலை தொடல. சீக்கா?"

"சீக்கில்லக்கா. குட்டி போடப் போவுது. மயிரைப் புடுங்கி மெத்தை போடுது. இருட்டா இருக்கட்டும். தொடக் கூடாது, எடம் மாத்தக் கூடாது. மெரண்டா குட்டியக் கடிச்சிரும். தண்ணி மட்டும்..."

ரபியா பாப்பம்மாளை ஏறிட்டுப் பார்த்தாள்.

கூக்காலிலிருந்து இங்கே வரும் ஒரே பஸ் சாயங்காலம்தான். இன்று விடியலில் கூக்காலில் நடந்த சங்கதி, பொழுது ஏறுமுன் இங்கே எப்படி வந்தது?

"சேதி யாருக்கா கொண்டாந்தா?"

"பஸ்சுல வந்துச்சு."

"எந்த பஸ்சுல?"

பாப்பம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ரபியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள்.

"எங்க போற? கூக்காலுக்கு இப்ப ஏது பஸ்சு?"

"கூக்கால் எதுக்கு? ஒங்க வெறகுக் கொட்டாய் போதும்."

சீனி காணாமல் போன நாளிலிருந்து அந்தக் கொட்டகைக்குப் பூட்டு. விறகு களவு போகிறது என்று சொல்லியிருந்தாள் பாப்பம்மாள். ரபியா நம்பியிருந்தாள். அழுகையையே நம்பியவள், பூட்டையா நம்பமாட்டாள்?

பூட்டு இப்போது திறந்தே தொங்கியது. உள்ளே, கோணிமேல், தன் ரோமத்தைத் தானே பரப்பிக்கொண்டிருந்தது சீனி.

"சீசனுக்கு வர்ற பங்களாக்காரங்க பிள்ளைகளுக்குக் குட்டி கேப்பாங்கன்னு..." பின்னாலிருந்து பாப்பம்மாளின் குரல். "குட்டியை வித்துட்டுத் தாயைத் திருப்பித் தந்திருப்பேன்டி. சத்தியமா."

"சுல்தானை?"

பாப்பம்மாள் தொங்கிய பூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அள்ளிக்கொண்டு போக ரபியாவின் கை நீண்டது. பாதியில் நின்றது. எடம் மாத்தக் கூடாது. சற்றுமுன் அவளே சொன்னது. களவாடியவள் வீட்டில்தான் இனிக் குட்டிகள் பிறந்தாக வேண்டும்.

அவள் கதவோரம் ஒரு விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தாள்.

"தண்ணி வைக்கவா ரபியா? எவ்வளவு வைக்கணும்?"

ரபியா எழுந்து, அவளைத் தாண்டிப் போய், தன் வீட்டிலிருந்து தானே சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.