மோதிர விரல்

மாமியார் மருமகளின் இடது கையைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினாள். மோதிர விரலில் வெளுத்த தடம் இருந்தது. மோதிரம் இல்லை.

"எங்கடி?"

மருமகள் பைக்குள் கைவிட்டு மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தினமும் ஆலை வாசலில் கழற்றுவாள், வேலை முடிந்ததும் போட்டுக்கொள்வாள். இன்றைக்கு அலுப்பில் மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி பஸ்ஸில் பார்த்துவிட்டு, இவள் வருமுன்பே ஓடிவந்து வத்தி வைத்துவிட்டாள்.

"என் பிள்ளை உள்ள உசுரோட கிடக்கான். மூச்சு இருக்கும்போதே கழட்டிட்டுத் திரியறியே, யாரைக் கொல்லப் பாக்கற?"

அந்தத் தெருவில் அப்படித்தான். கட்டியவன் போட்ட மோதிரம் அவன் செத்த பிறகுதான் கழல வேண்டும். முன்னால் கழன்றால் அவனைக் கொண்டுபோய்விடுமாம். ஆம்பிளை மோதிரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. அதை விற்றுக் குடித்தாலும் பெண்டாட்டி சாகமாட்டாள்.

உள்ளே கிடப்பவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவனுடைய மாத்திரை, மூத்திரக் குழாய், வீட்டு அரிசி எல்லாம் இவள் சம்பளத்தில்தான்.

அவள் வேலை பார்த்த ஆலையில் தறி கிடையாது. பாவும் இல்லை, ஊடையும் இல்லை, ஆனால் துணி வரும். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, பொடிப்பொடியாகத் துளையிட்ட தகட்டின் வழியே அமுக்குவார்கள். மயிரைவிடச் சன்னமாக இழைகள் இறங்கும். காற்று அவற்றை இழுத்து, ஓடுகிற வலைப்பட்டையின்மேல் படுக்கவைக்கும். அப்போது அது வெறும் ஒட்டடை. சூடான இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே அமுங்கி வந்தால்தான் துணி. ஆஸ்பத்திரி முகமூடிக்கும் அங்கிக்கும் போகிறது.

ஒட்டடை அறுந்தால் நுனியைக் கையால் திரட்டி, ஓடுகிற உருளைக்கு ஊட்ட வேண்டும். நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். நிறுத்தியவர்களை அப்புறம் அந்தப் பக்கம் காணோம். இழை எதில் வேண்டுமானாலும் மாட்டும், வெடித்த நகத்தில்கூட. அதனால் உருளைப் பக்கம் நிற்பவர்கள் மோதிரம், வளையல் எதுவும் போடக் கூடாது. கழற்ற மாட்டேன் என்றால் கழிவு கூட்டப் போகலாம். பாதிக் கூலி. அதில் குழாய் வாங்கினால் சோறு இல்லை.

அவளோடு உருளையில் நின்றவளை எல்லோரும் நெட்டச்சி என்பார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், கழற்ற மோதிரம் இல்லை. "எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே எம்புருஷன்தான். செத்து வாங்கிக் குடுத்தாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அன்று மாமியார் விடவில்லை. கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போய், இனிமேல் கழற்ற மாட்டேன் என்று அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். கழற்றாமல் நின்றால் கை போகும் என்று மருமகள் இருவருக்கும் சொன்னாள். பிறகு புருஷனிடம் குனிந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அம்மா மனசு நோகாம நடந்துக்கோ" என்று அவன் கூரையைப் பார்த்தான். இடுப்புக்குக் கீழேதான் அவனுக்குப் போயிருந்தது. வாய்க்கு ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்கும் சாகப் பயம்.

அவள் சத்தியம் செய்தாள்.

மறுநாள் மோதிரத்தின்மேல் டேப் சுற்றிக்கொண்டு போனாள். போர்மேன் அதைப் பார்த்தான். ஆள் குறைவு, ஆர்டர் அவசரம். பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டான். நெட்டச்சி மட்டும் கழற்றச் சொல்லிக் கெஞ்சினாள். "அந்தாள் தலைல வெச்ச கைதான இது" என்றாள் இவள்.

உருளையின் சூட்டிலும் வியர்வையிலும் டேப் ஓரம் எழும்பிக்கொண்டது. ஒட்டடை அறுந்தது. நுனியைத் திரட்டி ஊட்டினாள். இழை டேப்பில் பிடித்தது, பிறகு மோதிரத்தில் சுற்றியது. பின்னுக்கு இழுத்தாள். ஒற்றை இழை என்றால் ஊதினால் அறும். ஆயிரம் இழை சேர்ந்தால் கயிறு. நெட்டச்சி பாய்ந்து, எந்திரத்தை நிறுத்துகிற கயிற்றை இழுப்பதற்குள் விரல்கள் உள்ளே போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார் முதலில் மோதிரத்தைத்தான் கேட்டாள். விரலோடு நசுங்கிப் போனது என்று போர்மேன் சொன்னான். தப்பு மோதிரம் போட்டவள்மேல் என்றும், வேண்டுமானால் கழிவு கூட்ட வரட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். கிழவி தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள், பிள்ளை இருக்கிறானா போய்விட்டானா என்று பார்க்க. அவன் கஞ்சி கேட்டான்.

இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்ச மருமகள் வீடு திரும்பினாள். கட்டிலோரம் உட்கார்ந்து, வலது கையால் புருஷனின் குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள். கிழவி பெட்டியிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து வந்தாள். தன் புருஷன் செத்த அன்று கழற்றி வைத்தது.

"வலது கைய நீட்டு. பேருக்காவது ஒண்ணு இருக்கட்டும்."

"போட்டுக்கோயேன்" என்றான் பெயின்டர். "எனக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

அவள் குழாயை மாட்டி முடித்தாள்.

"உங்க குழாய மாத்த இந்தக் கை ஒண்ணுதாங்க இருக்கு" என்று விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

கிழவி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிரியவில்லை. கட்டிலில் கிடந்தவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.