ஆறில் ஒரு டம்ளர்

"அந்த டம்ளரைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில போடுடி!"

சந்திரமௌலி போட்ட கூச்சலில் மாடவீதிச் சந்தில் போய்க்கொண்டிருந்த காய்கறி வண்டியே ஒரு நிமிஷம் நின்றது. வாசற்படிக்குக் கீழே நின்ற தங்கம், பாதி குடித்த தண்ணீரோடு அப்படியே விழித்தாள். அவள் கையில் எவர்சில்வர் டம்ளர். வாய் வைத்துக் குடித்துவிட்டாள். குற்றம் அதுதான்.

இப்படி அலறிய மகான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வடக்கே இருக்கும் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கழிவுநீர்ப் பிரிவுக்கு என்ஜினீயர். எண்ணெயைக் கழுவிய தண்ணீர் கறுப்பாக வந்து குழியில் விழும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து, அடியில் தங்கும் சகதியை வாரி, மிச்சத் தண்ணீரை மூன்று தொட்டிகளில் தெளியவைத்து வெளியே விடுவது அவர் இலாகா. அவர் வாரியது கிடையாது. கையெழுத்துப் போடுவதோடு சரி. இறங்கி வாளி வாளியாக வாருகிறவன் தங்கத்தின் புருஷன் கருணாகரன்.

இலாகாவின் பெருமையைக் கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். 'சுத்தம் செய்த கழிவுநீர்' என்று அதில் சீட்டு வேறு. யார் வந்தாலும் அவர்கள் எதிரில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவார். "எப்பேர்ப்பட்ட அழுக்கும் சயின்ஸ் முன்னாடி நிக்காது, ஓய்!" என்பார். அதே மனிதர் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்தால் கொல்லைப்புறமாக நுழைந்து, கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருவார். சயின்ஸ் அவரோடு வாசல்வரைதான் வந்தது போலும்.

ஞாயிற்றுக்கிழமை குழியில் விஷவாயு தாக்கிக் கருணாகரன் மயங்கி விழுந்தான். மூன்று நாளாகப் பெரியாஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்கிறான். 'குடிபோதையில் தானாகவே குழியில் இறங்கினான்' என்று சந்திரமௌலி அறிக்கை எழுதிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு ஆலையில் விசாரணை. அந்த அறிக்கை நின்றால் கருணாகரனுக்கு வேலை போய்விடும்.

அதை மாற்றி எழுதச் சொல்லத்தான் தங்கம் ஆடி வெயிலில் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அவுரு திருத்தணி கிருத்திகைக்கு மாலை போட்டுக்கினு கீறாரு சார். கடை டீ கூட குடிக்கறதில்ல. சாராயம் குடிச்சாருன்னு எப்டி சார் எய்துன? மூக்குல மாட்ற முகமூடி கேட்டாராம். அதெல்லாம் இல்ல, எறங்குன்னுட்டாங்களாம்."

"யாரு சொன்னா? நான் அன்னிக்கு லீவு. ஆத்துல இருந்தேன். எழுதினது எழுதினதுதான், போ."

தங்கத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். சந்திரமௌலி இரண்டு கைகளையும் குவித்து, கையில் ஊற்று என்று மனைவிக்கு ஜாடை காட்டினார். ஜானு அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டம்ளரையே நீட்டினாள். அதற்குத்தான் அந்தக் கூச்சல்.

தங்கம் டம்ளரைப் படியில் வைத்தாள். "தண்ணி வாணாம் சார். நெசத்த எய்து, அது போதும்."

ஜானு குனிந்து டம்ளரை எடுத்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

"ஏன்னா, அந்தச் சகதித் தண்ணி மூணு தொட்டியில சுத்தமாயிடறது. இந்த டம்ளருக்கு எத்தனை தொட்டி வேணும்?"

"வாயை மூடு!"

"மூடிண்டுதானே இருந்தேன்? அந்தப் பாட்டில்ல வாராவாரம் நம்மாத்துக் கிணத்துத் தண்ணியை ரொப்பி வைக்கறது நான்தான். யார்கிட்டயாவது சொன்னேனா?"

சந்திரமௌலி தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காய்கறி வண்டிக்காரன் சாவகாசமாகத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கூடத்துல நின்னுண்டு டெலிபோன்ல கத்தினேளே. 'நாளைக்கு டெல்லிக்காரா ஆலையைப் பார்க்க வரா, முகமூடிக்கெல்லாம் காத்துண்டிருக்க முடியாது, அவனை இறக்கு'ன்னு. அதை மட்டும் என்னால முழுங்க முடியலை."

சொல்லிவிட்டுத் தங்கத்தின் பக்கம் திரும்பினாள். "விசாரணை பத்து மணிக்குத்தானே? அங்க வர எந்த பஸ் ஏறணும்?"

தங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. "நானே வந்து இட்டுக்கினு போறேம்மா."

"சீக்கிரமா வந்துடு. உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுக் கிளம்பலாம்."

"நாளைக்கு நீ படி இறங்கினா, திரும்பி இந்த ஆத்துக்குள்ள வரப்படாது!" என்று சந்திரமௌலி கத்தினார். ஜானு உள்ளே போய் டம்ளரைத் தேய்த்துக் கழுவி, பாண்டி பஜாரில் செட்டாக வாங்கிய மற்ற ஐந்தோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

கத்திக் கத்திச் சந்திரமௌலிக்குத் தாகம் எடுத்தது. சமையலறைக்கு வந்தார். ஆறு டம்ளர்களும் ஒன்றுபோல மினுங்கின. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை மோந்து பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீரில் எண்ணெய் எத்தனை பங்கு என்று சொல்லிவிடுகிற நிபுணருக்கு, தங்கம் குடித்தது எது என்று தெரியவில்லை.

"எதுடி அது?" என்றார்.

ஜானு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து ஏந்திக் குடித்தார்.