தொடாத டீ

1

இந்தக் கதை இராமநாதபுரம் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து வந்த ஒரு புலம்பலில் பிறந்தது: "அம்புட்டுப் பேரும் வேணாம்னுதான சொன்னோம், பெறகு எப்படிச் சம்மதம்னு எழுதுனாக?"

காற்றாலையை எங்கே நிறுத்துவது என்று ஊருக்கும் கம்பெனிக்கும் தகராறு. தீர்த்துவைக்க அரசாங்கம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. வருடம் 2006 என்று வைத்துக்கொள்கிறேன். காற்றாலைக்கு நான் எதிரியில்லை. அதை இப்போதே சொல்லிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

2

"வானத்தைக் கிழிக்கும் இராட்சதக் கைகள்..."

(வேண்டாம். இது பூமயிலின் கதை, அவள் இப்படியெல்லாம் யோசிக்கமாட்டாள்.)

பூமயிலுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல். கண்மாய்க்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் மேலேயே காற்றாலைக் கம்பத்துக்கு அஸ்திவாரம் குறித்திருக்கிறார்கள். அது அடைபட்டால் கண்மாய் நிறையாது. அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

3

கூட்டத்தில் அதிகாரி சொல்கிறார்: "ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்." கம்பெனி ஆட்கள் டீ கொடுக்கிறார்கள். பூமயில் தொடவில்லை. அவள் கொழுந்தன் வீரபத்திரன் தொடவில்லை. ஊரே தொடவில்லை.*

* எங்கள் பக்கம் பிடிக்காத காரியம் பேசும் இடத்தில் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அதற்குமேல் ஒரு மறுப்பு கிடையாது. பெண் கேட்டு வந்த இடத்தில்கூட... (அது வேறு கதை.)

"மதினி, வாயத் தொறந்து சொல்லிருவமா?"

"இன்னும் என்னத்தச் சொல்ல? ஒருத்தரும் டீயத் தொடல. அவுகளுக்குக் கண்ணு இல்லயா?"

அதிகாரி நல்ல மனிதர், வெளியூர்க்காரர். டீ ஆறிவிட்டது போல என்று நினைத்துக்கொள்கிறார். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்பது விதி.

4

இங்கே வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. பூமயிலைப் பேசவைக்கலாம், பேசினால் அது அவளில்லை, நான். வழக்கம் தெரிந்த ஒரு குமாஸ்தாவை உள்ளே விடலாம், நீங்களே நம்பமாட்டீர்கள். 'அந்த ஐப்பசியில் மழை கொட்டியும் கண்மாய்...' இல்லை. இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கூட்டத்தை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். "அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

பூமயில் ஆறிப்போன டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கிறாள், ஓங்கிச் சொல்லிவிட்டதாக நினைத்து. மேசைக்கு அதிகாரி இருக்கும் இந்தப் பக்கம் அது கேட்டது உங்களுக்கு மட்டும்தான்.