சுண்ணாம்புக் கோடு

பந்தயத்துக்கு இன்னும் சரியாகப் பதினைந்து மணி நேரம் இருந்தது. வறண்டு கிடந்த வன்னியம்பட்டிக் கண்மாயின் நடுவில், எலினா குனிந்து சிரட்டையால் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கம்பம் அங்கன நிக்கு. இங்க எதுக்குக் கோலம் போடுத?" என்றான் அண்ணன் செல்வின்.

"இது கொடி இறங்குற கோடு."

ஆட்கள் ஏறி ஓட்டும் விமானங்கள் கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் பந்தயத்தை வைகுண்டராஜ் வீடியோவில் பார்த்திருந்தார். விமானப்படையில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ரிமோட் விமானம் வைத்திருந்த எட்டுப் பேரைக் கூட்டி, அளவுகளை எல்லாம் பத்தால் வகுத்துக் களத்தில் இறங்கிவிட்டார். ஒன்று மட்டும் வகுபடவில்லை. அங்கே ஓட்டுகிறவர் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். இங்கே தரையில் நிற்கிறார். நூற்றைம்பது மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தை விமானம் தாண்டியதா என்று அவருக்குத் தெரியாது. அதனால் கம்பத்தடியில் ஒருவர் கொடி பிடிப்பார். விமானம் கம்பத்துக்கு நேரே வந்ததும் கொடியை இறக்குவார். கொடியைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

அந்த விதிதான் எலினாவை உறுத்தியது. கம்பத்துக்குப் பின்னால் இருபத்தைந்து மீட்டரில் தென்னந்தோப்பு. கம்பத்தை இந்தப் பக்கம் தள்ளி நடவும் இடம் போதாது. நாளை முதல் சுற்றிலேயே செல்வினின் சிவப்பு விமானம் பறக்கிறது. மூன்று மாத உழைப்பு. அதன் இறக்கையில் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருந்தான். அவனுடைய பழைய மஞ்சள் விமானத்தை, பெயின்ட் காய மொட்டை மாடியில் வைத்திருந்தபோது பருந்து தூக்கிப்போய்த் தெருவில் போட்டுவிட்டதாம். அந்தக் கதையைக் கேட்டு மற்ற ஏழு பேரும் கண் வரைந்துகொண்டார்கள். வானத்தில் பருந்து தெரிந்தால் பந்தயத்தை நிறுத்த வேண்டும் என்று வைகுண்டராஜ் விதியே எழுதியிருந்தார்.

அவர் இப்போது கோட்டருகே வந்து நின்றார்.

"என்னம்மா, கம்பத்துக்குப் பதினஞ்சு மீட்டர் முன்னாடியே கொடிய இறக்கணுங்கியாமே?"

"ஆமா அண்ணாச்சி. இவிய கொடிய இறக்கி, அவிய அதப் பாத்துத் திருப்ப அரை செகண்டு ஆயிரும். அதுக்குள்ள பிளேன் பதினஞ்சு மீட்டர் போயிரும்."

மில் பரிசோதனைக் கூடத்தில் நூலின் வலுவை அளக்கும் இயற்பியல் பட்டதாரி அவள். இரண்டு மாதமாக அண்ணனுக்குப் பேட்டரி சுமந்து வந்தாலும், இந்த ஆட்களிடம் இவ்வளவு பேசியது இன்றுதான்.

"கம்பத்துக்கு உள்ளயே திரும்பிட்டான்னு சண்ட வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவிய சும்மா விடுவாவளா?"

"கொடிதான் முன்னாடி இறங்கும். பிளேன் கம்பத்துக்கிட்ட வந்துதான் திரும்பும்."

செல்வின் சிரித்தான். "அண்ணாச்சி, இவ ரிமோட்டக் கையால தொட்டதில்ல. எல்லாம் நோட்டுக் கணக்கு."

வைகுண்டராஜ் யோசித்தார். "கணக்கு தப்புன்னு சொல்லல. ஆனா யாரும் பறக்கவிட்டுப் பாக்காத விதிய நான் எப்படி வைக்க?" என்றபடி செருப்புக் காலைக் கோட்டின் மேல் கொண்டுபோனார். அழிக்கப்போகிறார்.

எலினா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாத்தாச்சு அண்ணாச்சி. இதே எடத்துல. என் கூட்டாளி கனகலட்சுமி கம்பத்துக்கு நேரா வரவும் துப்பட்டாவ இறக்குனா. நான் திருப்புறதுக்குள்ள அது தோப்புக்குள்ள போயிட்டு."

"எது?" என்றான் செல்வின்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மொட்டை மாடிக்குப் பருந்தே வரல அண்ணே. மஞ்ச பிளேன உடைச்சது நான்தான்."